தோல் நோய்க்குப் போட்டோ அனுப்பினால் போதுமா? மலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கோத்தகிரிப் பக்கம் தோல் நோய் பார்க்கிற டாக்டர். இப்போதெல்லாம் ஆள் வருவதற்கு முன்னாலேயே அவருடைய போட்டோ போனில் வந்துவிடுகிறது. மஞ்சூர், பந்தலூர், குந்தா என்று எங்கெங்கிருந்தோ வரும், சில சமயம் பெயர்கூட இருக்காது, ஒரு முழங்கையும் "இது என்ன டாக்டர்?" என்ற கேள்வியும் மட்டும்தான். அப்புறம் ஆப் நல்லதா, ஏ.ஐ. சொன்னது சரியா, ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடலாமா என்று வேறு ரகக் கேள்விகள். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதிவிட்டேன்.

போட்டோவை மட்டும் பார்த்து என்ன வியாதி என்று சொல்லிவிட முடியுமா?

சிலதைச் சொல்லலாம், பலதை முடியாது. ஆனால் போட்டோவின் முக்கியமான வேலை வியாதிக்குப் பெயர் வைப்பது இல்லை. யார் உடனே பஸ் ஏற வேண்டும், யார் அடுத்த வாரம் வந்தால் போதும், யார் வரவே வேண்டாம் என்று பிரிப்பதுதான். பந்தலூரிலிருந்து ஒருவர் ஊட்டிக்கு வந்து போனால் அன்றைய கூலி போச்சு. சாதாரணத் தேமலுக்காக அவரை இழுத்தடிப்பதும் தப்பு, தொழுநோயாக இருக்கக்கூடிய தேமலை "ஒன்றுமில்லை, ஆயின்மென்ட் போடுங்கள்" என்று போனிலேயே அனுப்பிவைப்பதும் தப்பு. இந்தப் பிரித்தலைப் போட்டோ ஓரளவு நன்றாகவே செய்து கொடுக்கிறது.

நேரில் வந்தால் நான் தொட்டுப் பார்ப்பேன், அழுத்தினால் சிவப்பு போகிறதா என்று பார்ப்பேன், சுரண்டினால் செதில் உதிர்கிறதா என்று பார்ப்பேன், நீங்கள் காட்டாத இடத்தையும் பார்ப்பேன். இதில் ஒன்றைக்கூட கேமரா செய்யாது.

போட்டோ எப்படி எடுக்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிற படங்களில் நிறைய எதற்கும் உதவாதவை.

மூன்று படம் போதும். முதல் படம் தள்ளி நின்று: உடம்பில் எந்த இடம், ஒரு பக்கம் மட்டுமா இரண்டு பக்கமுமா என்று தெரிய வேண்டும். இரண்டாவது ஒரு முழம் தூரத்தில். மூன்றாவது கிட்டத்தில், ஆனால் போனைத் தோலில் ஒட்டாமல். ரொம்பக் கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்காது, படம் கலங்கிவிடும். கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஜூம் செய்து எடுப்பதே மேல்.

வெளிச்ச விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மேகம் மூடிய பகலில் வாசல் படியில் நின்று எடுத்தால் நிழல் விழாது, பளபளப்பு இருக்காது, நிறம் ஏறக்குறைய உள்ளபடி வரும். நீலத் தார்ப்பாய் போட்ட திண்ணையில் எடுத்தால் தோல் முழுக்க நீலம் அடிக்கும். லைன் வீட்டுப் பச்சைச் சுவரும் அப்படித்தான். மஞ்சள் பல்பும் ஃப்ளாஷும் வேண்டவே வேண்டாம்.

போனில் உள்ள அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். நிறைய போன்களில், குறிப்பாக செல்ஃபி கேமராவில், நாம் கேட்காமலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். கன்னத்தில் மங்கு என்று ஒருவர் படம் அனுப்புவார், படத்தில் கன்னம் மாசு மருவில்லாமல் இருக்கும். மங்கைத் துடைத்து எடுத்தது போன்.

அளவு தெரிய பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வையுங்கள். நாணயம் வேண்டாம், ஒரு ரூபாயே பழையது ஒரு அளவு, புதியது ஒரு அளவு. (இந்த ஸ்கேல் இன்னொரு இடத்தில் வேடிக்கையாகத் திரும்பி வரும், கீழே பாருங்கள்.)

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கட்டைவிரல், சுட்டுவிரல் ஓரங்களில் இலைச் சாறு ஏறி ஏறிக் கறுத்திருக்கும், அந்தக் கறுப்பின் நடுவே கோடு கோடாக வெடிப்பு ஓடும். போட்டோவில் எது கறை, எது வெடிப்பு, எது உண்மையில் நிறம் மாறிய தோல் என்று பிரிக்கவே முடியாது. வெதுவெதுப்பான நீரில் கையை ஊறவைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் தடவிக்கொண்டு எடுக்காதீர்கள், எல்லாம் மினுங்கும். உள்ளங்கை ஒன்று, புறங்கை ஒன்று, விரல் இடுக்கு ஒன்று.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் அப்படியே வரும். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள் பதிந்தே வரலாம். டாக்டருக்கு அனுப்புவதில் பாதகமில்லை. முகம் தெரியாத குரூப்பில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

கூடவே நாலு வரி எழுதுங்கள்: எத்தனை நாளாக இருக்கிறது, அரிக்கிறதா, வலிக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, இதுவரை என்னென்ன பூசினீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள். வீட்டில் நாலு பேரும் ராத்திரியில் சொறிகிறார்கள் என்ற ஒரு வரி போதும், படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே சிரங்கு என்று பாதி முடிவாகிவிடும்.

வீடியோ காலில் நேரடியாகவே காட்டலாமே?

காட்டலாம், பேசுவதற்கு நல்லது. ஆனால் பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும். வீடியோ உறைந்து நிற்கும்போது அதில் தெரியும் தோல் வெறும் கட்டம் கட்டமான பழுப்பு நிறம்தான். போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து சிக்னல் கிடைக்கும்போது அனுப்பினால் முழுத் தெளிவோடு வரும், நானும் ஓய்வாக இருக்கும்போது பார்த்துக்கொள்வேன். தோல் மருத்துவத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. இருதயத்துக்கோ வயிற்றுக்கோ இவ்வளவு பொருந்தாது.

அக்கி வந்தது, எழுதியாச்சு. போட்டோ அனுப்பட்டுமா?

அனுப்புங்கள், ஆனால் எழுதுவதற்கு முன் எடுத்திருந்தால் அந்தப் படத்தை அனுப்புங்கள். செம்மண் குழைத்துச் சிங்கம் வரைந்த பிறகு எனக்குச் சிங்கம்தான் தெரியும், கொப்புளம் தெரியாது. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை போட்டது மாதிரி கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் எரிச்சலும் இருந்தால் அது சின்னம்மைக் கிருமியின் மறுவேலை. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால் போட்டோவோடு நிற்காமல் அன்றே கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

படர்தாமரைக்கு எந்த கிரீம் போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

போட்டோக்களில் வட்டம் வட்டமாக வருவதில் பெரும்பங்கு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில்.

முதலில் நீங்கள் பூசுகிற டியூபின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தோலின் படத்தைவிட அந்தப் படம்தான் எனக்கு அதிகம் சொல்லும். அதில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் ஆன்டிபயாட்டிக்கையும் கலந்து விற்கிற டியூப்கள் நம் நாட்டில் ஏராளம். பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே சுகமாக வளரும். நிறுத்தினதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், வட்டத்தின் உருவமே கலைந்துபோய் இருக்கும், தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு விழும். 2018-ல் இப்படிப்பட்ட தோல் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதியை இறுக்கியது. கடைகளில் அது எவ்வளவு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணம் கிருமியே மாறிவிட்டது. இங்கே பரவிவரும் ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற மாத்திரை வேலை செய்கிற என்சைமின் ஜீனில் மாற்றம் வந்திருப்பதால், அந்த மாத்திரை இதில் பல பேருக்குப் பிடிப்பதில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இது எந்த வகை என்று பிரிக்க முடியாது, டி.என்.ஏ. வரிசையைப் படித்து, உலகம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிற வரிசைகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது கண்டுபிடிக்கப்பட்டபோது அமெரிக்காவே பரபரப்பானது. நமக்கு அது தினசரிக் கதை. என்னைக் கேட்டால் டிஜிட்டல் தொழில்நுட்பம் தோல் மருத்துவத்துக்குச் செய்த பெரிய உதவி செல்போன் ஆப் இல்லை, இந்த மாதிரி டி.என்.ஏ. வரிசைகளை ஊர் ஊராக ஒப்பிட முடிவதுதான்.

ஆனால் உங்கள் வட்டம் பூஞ்சையா இல்லையா என்று பார்க்க இவ்வளவெல்லாம் வேண்டாம். ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். அதற்கு நேரில் வர வேண்டும். வருவதற்கு முன் டியூபை நிறுத்திவிட்டு வாருங்கள்.

வெளுத்த தேமல், அரிப்பே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

அரிப்பு இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. வெளுத்த அல்லது சிவந்த படை, அரிக்காது, வலிக்காது, அந்த இடத்தில் தொட்டால் தெரியாது, வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும் என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். 2005 டிசம்பரில் இந்தியா அளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டதாக அறிவித்தார்கள். நோய் ஒழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியாவில்தான்.

உணர்ச்சி இருக்கிறதா என்று எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. பேனா முனையோ பஞ்சுத் திரியோ போதும், ஆனால் ஒரு ஆள் வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நல்ல தோலிலும் படையிலும் மாற்றி மாற்றித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் இதைச் செய்து வீடியோ எடுத்து அனுப்பினால் எனக்கு அது பத்து போட்டோவுக்குச் சமம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. சீக்கிரம் தொடங்கினால் கை கால் ஊனம் வராது.

காய்ச்சலோடு ஒரு கறுப்புப் பொருக்கு. இதற்கும் தோலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதில் தாமதமே கூடாது. புதர், புல், தோட்டம் என்று போய் வந்தவருக்குக் காய்ச்சல், தலைவலி, கூடவே சிகரெட்டால் சுட்டது மாதிரி வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ், பேப்பர்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவார்களே, அதுவாக இருக்கலாம். அந்தப் பொருக்கு அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி இறுக்குகிற இடத்தில் ஒளிந்திருக்கும். யாரும் அங்கே போட்டோ எடுத்து அனுப்ப மாட்டார்கள், வெட்கம். வீட்டுக்குள் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அம்மாவையோ அக்காவையோ பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மலிவான மருந்துக்கே இது கேட்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும்.

ஏ.ஐ. ஆப் தோல் டாக்டரைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறதாமே?

இந்தப் பேச்சு 2017-ல் பெரிதாகக் கிளம்பியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1,29,450 படங்களைக் காட்டி, 2,032 வகை நோய்களில் ஒரு கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தோல் புற்றுநோயா சாதாரண மருவா என்று பிரிக்கச் சொன்னபோது அது 21 தோல் டாக்டர்களுக்கு ஈடாக நின்றது. நேச்சர் இதழில் வந்தது, உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் "ஈடாக நின்றது" என்பது படம் பார்த்துச் சொல்கிற அந்த ஒரு பரீட்சையில். நோயாளியைத் தொடவும் கேள்வி கேட்கவும் டாக்டர்களுக்கும் அங்கே வாய்ப்பு இல்லை.

இப்போது ஸ்கேல் கதை. படத்தில் ஸ்கேல் இருந்தால் அந்தக் கணினி அதைப் புற்றுநோய் என்று சொல்ல வாய்ப்பு அதிகம் என்று அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே அடுத்த வருடம் எழுதினார்கள். காரணம் எளிது: சந்தேகமான கட்டி என்றால்தான் டாக்டர் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பார். பயிற்சிப் படங்களில் ஸ்கேலும் புற்றுநோயும் சேர்ந்தே வந்ததால் இயந்திரம் தோலோடு ஸ்கேலையும் சேர்த்துப் படித்துக்கொண்டது. அதனால் எனக்கு அனுப்பும்போது ஸ்கேல் வையுங்கள், ஆப்பில் போடும்போது ஜாக்கிரதை!

அடுத்தது கணக்கு. ஒரு ஆப் நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் அந்த நோய் என்றால் ஆப் 9 பேரைப் பிடிக்கும், கூடவே நோயே இல்லாத 99 பேரையும் பிடித்து பயமுறுத்தும். மலையில் இருந்து அந்த 108 பேரும் கோவைக்கு இறங்குகிற செலவை யார் கொடுப்பது? விளம்பரத்தில் 90 சதவீதம் என்றுதான் போடுவார்கள், இந்த 99 பேரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

நம் தோலுக்கு ஆப் சரியாக வராது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை, காரணம் படங்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துகிற தொகுப்புகளில் ஒன்று 2018-ல் வந்த ஹாம்10000. அதில் 10,015 படம், எடுத்த இடம் ஆஸ்திரியாவும் ஆஸ்திரேலியாவும். மொத்தம் 7 வகைதான், எல்லாம் மச்சம், கட்டி, புற்றுநோய் சம்பந்தப்பட்டவை. படர்தாமரை கிடையாது, சிரங்கு கிடையாது, தொழுநோய் கிடையாது. இதை மட்டும் படித்த இயந்திரத்திடம் கூடலூர்ப் படர்தாமரையைக் காட்டினால் அந்த ஏழில் ஒன்றைத்தான் சொல்லும், வேறு பதில் அதற்குத் தெரியாது.

2022-ல் ஸ்டான்ஃபோர்டில் 656 படங்களை வைத்து, எல்லாம் சதைப் பரிசோதனையில் உறுதியானவை, அப்போதிருந்த இயந்திரங்களைச் சோதித்தார்கள். கறுத்த தோலில் அவை தடுமாறின. கறுத்த தோல் படங்களையும் கொடுத்து மறுபடி பயிற்சி செய்ததும் அந்த இடைவெளி குறைந்தது. ஆக, கறுத்த தோலைப் படிப்பது இயந்திரத்தால் ஆகாத காரியம் இல்லை, இத்தனை நாள் யாரும் படிக்கக் கொடுக்கவில்லை.

நிறத்தை அளக்கிற முறையிலேயே பழைய சாய்வு இருக்கிறது. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற ஹார்வர்டு டாக்டர் 1975-ல் கொண்டுவந்த அளவுகோல், வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்று கேட்டு வகை பிரிப்பது. முதலில் வெள்ளைத் தோலுக்குத்தான் வகைகள் இருந்தன, கறுத்த தோலுக்கான வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். 2022-ல் கூகுள் வெளியிட்ட மங்க் அளவுகோலில் 10 நிறங்கள் இருக்கின்றன, கொஞ்சம் மேல்.

நடைமுறையில் இதெல்லாம் எங்கே இடிக்கும் என்றால், நம் தோலில் அழற்சி செக்கச் செவேல் என்று வராது, ஊதாவும் பழுப்புமாக வரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கால் விரல்கள் வீங்கி அரித்து ஊதா நிறமாகுமே, அந்தப் பனிப்புண்ணைப் பாடப் புத்தகத்தில் ரோஸ் நிறமாகக் காட்டியிருப்பார்கள். நம் விரலில் அதை வெறும் அழுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடலாம். (வந்தால் காலை நேராக அடுப்பு நெருப்பில் காட்டாதீர்கள், இன்னும் மோசமாகும். கம்பளிச் சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள்.) மெலனோமா என்ற கொடிய புற்றுநோயும் கறுத்த தோலில் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்ற இடங்களில்தான் வருகிறது, முதுகு மச்சங்களைப் படித்த இயந்திரம் அங்கே தேடப் பழகியிருக்காது.

சாட்ஜிபிடியிடம் போட்டோ காட்டிக் கேட்கலாமா?

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தயாராவதற்குக் கேளுங்கள். சீட்டில் உள்ள மருந்து எதற்கு என்று தெரிந்துகொள்ளவும் கேளுங்கள். வியாதியின் பெயரையும் மருந்தையும் அதனிடம் வாங்காதீர்கள். தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். நம் நாட்டு டெலிமெடிசின் விதிகளும் ஏ.ஐ. நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றுதான் சொல்கின்றன.

பார்லரில் முகத்தை ஸ்கேன் செய்து சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்து ஒரு கிரீமும் கொடுத்திருப்பார்களே? ஸ்கேனுக்கு அதுதான் வேலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று வெயிலை யாரும் மதிப்பதில்லை, மங்கு வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தொப்பியும் சன்ஸ்கிரீனும் ஸ்கேனைவிட மலிவு.

டெர்மோஸ்கோப் என்றால் என்ன, போனில் மாட்டலாமா?

பத்து மடங்கு பெரிதாக்கி, மேல் தோலின் பளபளப்பை வெட்டி, அடியில் உள்ள நிறத்தையும் ரத்தக் குழாயையும் காட்டுகிற லென்ஸ். போனில் மாட்டுவதும் கிடைக்கிறது. சிரங்குப் பூச்சியைத் தோலைச் சுரண்டாமலேயே இதில் பார்த்துவிடலாம், வளைக்குள் ஒரு சின்ன முக்கோணமாகத் தெரியும். பார்க்கப் பழகிய கண் இருந்தால்தான் பிரயோஜனம். வீட்டுக்கு வாங்க வேண்டாம்.

போனில் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு செல்லுமா? எங்கே இலவசமாகப் பார்க்கலாம்?

செல்லும். 2020 மார்ச் 25-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற டாக்டர் போன், வீடியோ, செய்தி எதன் மூலமும் பார்த்து எழுதலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். சில மருந்துகளை முதல் தடவை வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம், போதை வகை மருந்துகளை எழுதவே கூடாது. நேரில் வா என்று டாக்டர் எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏதோ தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்படாதீர்கள்.

அரசின் ஈ-சஞ்சீவனி இலவசம். போனிலிருந்து நீங்களே பேசலாம், இல்லையென்றால் சுகாதார நிலையத்துக்குப் போனால் செவிலியர் அங்கிருந்து டாக்டரை இணைத்துவிடுவார். இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன், தொட்டுப் பார்க்க ஒரு கை அங்கே இருக்கிறது.

மருந்து பிடித்திருக்கிறதா என்று ஆராய்ச்சியில் எப்படி அளக்கிறார்கள்?

காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, 1978-லிருந்தே பாசி என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது: எவ்வளவு பரப்பு, எவ்வளவு சிவப்பு, தடிப்பு, செதில் என்று பார்த்து 0 முதல் 72 வரை. போட்டோ என்றால் ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே கோணம், யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். "முன்பு, பின்பு" விளம்பரப் படங்களில் இது ஒன்றுமே இருக்காது. முன்பு படத்தில் இருட்டு, பின்பு படத்தில் வெளிச்சமும் சிரிப்பும்.

நோயாளியின் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்க டி.எல்.க்யூ.ஐ. என்ற 10 கேள்வித் தாள் இருக்கிறது, 1994-ல் பிரிட்டனில் கார்டிஃபில் உருவானது, மொத்தம் 30 மதிப்பெண். அதில் ஒரு கேள்வி, தோல் நோயால் விளையாட்டுக்கு இடைஞ்சலா என்பது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். "எனக்குப் பொருந்தாது" என்று குறித்தால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். ஆக, விளையாடாதவருக்குப் பாதிப்பும் குறைவு என்று கணக்கு முடிகிறது. வெடித்த விரலோடு எத்தனை கிலோ பறிக்க முடிந்தது என்று அந்தத் தாளில் எங்கும் கேட்பதில்லை.

ஆராய்ச்சிக்கு என் படத்தைக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

போடலாம், கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள். இந்த ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? மருந்து சோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவாகியிருக்கிறதா? அந்தப் பதிவேட்டை யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். தமிழில் விளக்கத் தாள் எங்கே? எனக்கு ஒரு பிரதி உண்டா? பாதியில் விலகினால் என் சிகிச்சை நிற்குமா? நிற்கக் கூடாது என்பது விதி. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும்.

படத்துக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பார்ப்பது, மாணவர்களுக்குக் காட்டுவது, இதழில் அச்சடிப்பது, இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பது என்று நாலும் நாலு விஷயம். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிற தாளைக் கண்டால் எது எதற்குச் சம்மதம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கண்ணில் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் அடையாளம் போய்விடும் என்பது பொய். முன்கையில் பச்சை குத்திய பெயர், கழுத்துத் தழும்பு, ஏன், காதில் போட்ட நகையை வைத்தே ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது, ஆனால் ஒரு தொகுப்பில் சேர்ந்து நாலு நாட்டுக்குப் போய்விட்ட படத்தை யார் போய் திரும்ப வாங்குவது?

எங்கள் ஆதிவாசி கிராமத்துக்கு வந்து எல்லாரையும் படம் எடுக்கப் போகிறார்களாம். இதற்கு விதி இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஆதிவாசி மக்களிடம் செய்கிற ஆராய்ச்சி அவர்களுக்கே பயன்படுகிறதாக இருக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகளிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஊர்த் தலைவர் சம்மதம் வாங்கினாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்கின்றன. தலைவர் சரி என்றார், அதனால் எல்லாரும் வரிசையில் நில்லுங்கள் என்று சொல்ல முடியாது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். நம் நாட்டில் அந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில்தான், 1952-ல். அதை ஒழிக்கத் தேசிய அளவில் திட்டம் வந்தது 2023 ஜூலையில். நடுவில் இங்கே இருக்கிற உள்ளூர் ஆஸ்பத்திரிகள் தங்களால் ஆனதைச் செய்தன. ஆனாலும் ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட கணுக்காலில் ஆறாத புண்ணோடு அலைய வேண்டியிருந்தது. கணுக்கால் புண் அந்த நோயின் ஒரு முகம், அதனால் அவர்கள் தோல் டாக்டரிடமும் வருவார்கள். ஆகவே படம் எடுக்க வருகிறவர்களிடம், இதில் எங்களுக்கு எப்போது, என்ன கிடைக்கும் என்று கேட்பது உங்கள் உரிமை. நம் தோல் படங்கள் தொகுப்பில் சேர வேண்டும் என்று மேலே நானே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சேரட்டும்.

எப்போது போட்டோ அனுப்பாமல் நேராகக் கிளம்ப வேண்டும்?

புது மாத்திரை தொடங்கிய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், குறிப்பாக வலிப்பு மருந்து, யூரிக் அமில மருந்து, சல்ஃபா மருந்து என்றால், காய்ச்சலோடு வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் வலித்துக் கொப்புளமாகி உரிவது. காணாக்கடியோடு உதடு நாக்கு வீங்கி மூச்சுத் திணறுவது. அழுத்தினால் மறையாத ரத்தப் புள்ளிகளும் காய்ச்சலும். கால் சிவந்து வீங்கி, மணிக்கு மணி ஏறி, தோலில் தெரிவதைவிட வலி பல மடங்காக இருப்பது. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சலோடு கொப்புளம்.

இதில் எதற்கும் என் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள், அந்த நேரம் நான் சிக்னல் இல்லாத இடத்தில்கூட இருக்கலாம். மாத்திரையால் என்று தோன்றினால் அந்தப் புது மாத்திரையை அடுத்த வேளை போடாமல் நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.